விருத்தாசலத்துச் சூளையும் சிப்பின் கூடும்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டை வார்த்துச் சுட்டு அனுப்பும் ஃபியூஸ் கட்டைக்கு இரண்டே வேலை: மின்சாரத்தைத் தடுக்க வேண்டும், சூட்டைத் தாங்க வேண்டும். ஒரு சிப்பைச் சுமக்கும் பீங்கான் கூட்டின் அடிப்படை வேலையும் இவைதான். நகத்தளவு சிலிக்கான் துண்டை அப்படியே கருவிக்குள் பொருத்திவிட முடியாது. மின் இணைப்பு, வெப்பம் வெளியேற வழி, ஈரத்திலிருந்து காப்பு ஆகிய மூன்றும் அதற்குத் தேவை. அவற்றைத் தருவதே பேக்கேஜிங். சிலிக்கானில் கோடுகளை மேலும் நுணுக்குவதற்கான செலவு ஏறிக்கொண்டே போவதால், ஒரே கூட்டுக்குள் பல சிப்புகளை அருகருகே வைத்தும் அடுக்கியும் திறனைக் கூட்டுகிறார்கள். அகல் விளக்கும் பொம்மையும் செய்யும் ஊருக்கு இந்தத் துறையில் இடம் உண்டு. ஆனால் அந்த இடத்தைத் தனித்தனிப் பட்டறைகள் பிடிக்க முடியாது; கூட்டு முயற்சியால்தான் முடியும்.

பீங்கான் தொழில் சிப் கூட்டுக்கு நகர்வதற்கு ஜப்பானில் முன்னுதாரணம் இருக்கிறது. 1959இல் கியோட்டோவில் கசுவோ இனமோரி தொடங்கிய கியோசெரா, முதலில் தொலைக்காட்சிக் குழாய்க்கான சிறிய பீங்கான் காப்பான்களைச் செய்தது. 1966இல் ஐபிஎம், கணினிச் சுற்றுகளுக்கான அலுமினாத் தகடுகளை அதனிடம் கேட்டது. ஐபிஎம் விதித்த கடுமையான அளவுகளை எட்டுவதற்காக அளவுக் கருவிகள் முதல் சுடும் முறை வரை அனைத்தையும் கியோசெரா மேம்படுத்த வேண்டியிருந்தது. பின்னாளில் அது சிப் கூடுகளில் உலகின் முன்னணி நிறுவனமானது. நகோயாவில் ஸ்பார்க் பிளக் செய்த என்ஜிகே நிறுவனமும் பீங்கானிலிருந்தே சிப் கூடுகளுக்கு வந்தது. இவர்களை உயர்த்தியதில் மண்ணுக்கு எவ்வளவு பங்கோ, துல்லியத்தைக் கறாராகக் கேட்டு வாங்கியவருக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

ஃபியூஸ் கட்டைக்கும் சிப் கூட்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம் என்று சிலர் சொல்வார்கள். அது உண்மையே. முன்னதற்குக் களிமண்ணும் ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் போதும். பின்னதற்கோ 90 சதவீதத்துக்கும் மேல் அலுமினா தேவை. சூளை சுமார் 1,600 டிகிரியைத் தொட வேண்டும். சுடும்போது கணிசமாகச் சுருங்கும் தகட்டில் நுண்துளைகள் இடம் பிசகக் கூடாது. இதற்கான இயந்திரங்களைச் சிறு பட்டறை வாங்க முடியாது என்பதால்தான் பொதுவான சோதனைக் கூடம் வேண்டும் என்கிறேன். பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையம் ஏற்கெனவே இவ்வூரில் இருக்கிறது. பெரிய நிறுவனங்களே தனியாக நடப்பதில்லை: சிப் பேக்கேஜிங் ஆய்வுக்காக ஜப்பானின் ரெசோனாக் நிறுவனம் 2024இல் அறிவித்த யுஎஸ்-ஜாயின்ட் கூட்டமைப்பில் ஜப்பானிய, அமெரிக்க நிறுவனங்கள் பத்து இணைந்தன.

கணினிச் சிப்புகள் 1990களிலேயே பெருமளவு பீங்கானை விட்டுப் பிசின் தகடுகளுக்கு மாறிவிட்டனவே என்ற கேள்வி இதைவிடக் கனமானது. ஆனாலும் செயற்கைக்கோள், ரேடார், மின்வாகனத்தின் பவர் மாட்யூல் போன்றவை இன்றும் பீங்கானை நம்பியிருக்கின்றன. எனவே பல அடுக்குக் கூடுகளில் தொடங்காமல், எளிய அலுமினாத் தகடுகளிலும் சென்சார் உறைகளிலும் தொடங்குவதே விவேகம். மறைமலை நகரில் ஸ்பெல் நிறுவனம் சிப்புகளைப் பேக்கேஜிங் செய்கிறது. ஓசூரில் கார்போரண்டம் யுனிவர்சல் தொழில்துறைச் செராமிக்குகளைச் செய்கிறது. 2025இல் தமிழக அரசு 500 கோடி ரூபாயில் செமிகண்டக்டர் இயக்கத்தை அறிவித்தது. அதில் ஒரு பங்கு விருத்தாசலத்துக்கு வர வேண்டும். அந்தப் பணத்தில் இயந்திரம் வாங்குவதற்கு முன்பே, தகடுகளை வாங்கப்போகும் நிறுவனங்களை அழைத்து அளவுகளையும் தரத்தையும் எழுதி வாங்க வேண்டும். அந்த வரிசை மாறினால், வாங்க ஆளில்லாத பொருளுக்கான இயந்திரங்களே ஊருக்கு மிஞ்சும்.