குழந்தையின் விரல் வெளுத்தால்

கோலார் தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஊர். மார்கழி, தை விடியற்காலைகளில் குளிர் உறைக்கும். குழாய்த் தண்ணீரில் முகம் கழுவிய பிள்ளை "விரல் மரத்துப்போச்சும்மா" என்று கையை நீட்டினால், அவசரத்திலும் சற்று நின்று பாருங்கள். விரல் நுனி வெளுத்து, பிறகு நீலம் பாய்ந்து, சூடேறியதும் சிவந்து எரிகிறதா? அது ரேனோ பாதிப்பாக இருக்கலாம். 1862இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோவின் பெயரால் அழைக்கப்படுகிறது.

விரலுக்குள் நடப்பது

குளிர் பட்டால் கைகால் விரல்களின் சிறு ரத்தக்குழாய்கள் சுருங்குவது இயல்பு. ரேனோ பாதிப்புள்ள பிள்ளைகளுக்கு அவை அளவுமீறிச் சுருங்கிவிடுகின்றன. பரீட்சை பயம்கூடத் தூண்டிவிடும். மாநிறத் தோலில் வெளுப்பு பளிச்சென்று தெரியாது. நகத்தின் அடியையும் விரலின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும்.

தாத்தா பிடித்த டிரில்

2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட தங்கவயல் சுரங்கங்கள் 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் வரை சென்றவை. அங்கே பாறையில் துளை போட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று பள்ளிக்குப் போகிறார்கள். அதிரும் டிரில்லை ஆண்டுக்கணக்கில் பிடிப்பவர்களின் விரல்களும் இப்படி வெளுக்கும். அமெரிக்காவின் இண்டியானா சுண்ணாம்புக்கல் குவாரித் தொழிலாளர்களிடம் ஆலிஸ் ஹாமில்டன் 1918இல் இதை ஆராய்ந்தார். ஆனால் அது கருவி தந்த காயம்; பேரனுக்கோ பேத்திக்கோ இறங்கி வராது. குழந்தைகளுக்கு, குறிப்பாக வளரும் பெண்பிள்ளைகளுக்கு, வருவது பெரும்பாலும் வேறு நோய் எதுவும் இல்லாமல் தானாக வரும் வகை. அது சில குடும்பங்களில் தொடர்வதுண்டு. எனவே அம்மாவுக்கோ அத்தைக்கோ இப்படி இருந்ததா என்று கேட்டுவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அலட்சியம் கூடாத அறிகுறிகள்

விரல் நுனியில் புண், ஒரு கையில் மட்டும் வெளுப்பு, மூட்டுவலி, முகத்தில் தடிப்பு, ஆறாத வாய்ப்புண், தோல் இறுகுவது, விடாத காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் லூபஸ், ஸ்க்ளெரோடெர்மா போன்ற நோய்கள் பின்னணியில் இருக்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும். ஏஎன்ஏ ரத்தப் பரிசோதனையும், நகக்கண்ணின் நுண்குழாய்களைப் பெரிதாக்கிப் பார்ப்பதும் வழிகாட்டும். தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு ரயிலேறும் பெற்றோர் பலர். அங்குள்ள இந்திரா காந்தி குழந்தைகள் நல மருத்துவ நிறுவனம் போன்ற இடத்தில் பிள்ளையை ஒருமுறை காட்டிவிடலாம். வெதுவெதுப்பாக்கிய பிறகும் நிறம் திரும்பாமல் வலித்தால், நாள் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

வீட்டில்

கையுறை மட்டும் போதாது. உடம்பு முழுதும் சூடாக இருந்தால்தான் விரலுக்கு ரத்தம் வரும். ஸ்வெட்டர், குல்லா, காலுறை எல்லாம் வேண்டும். மரத்த விரலை அடுப்பனலில் காட்டவே கூடாது: உணர்வில்லாத தோல் சுட்டாலும் பிள்ளைக்குத் தெரியாது. வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகை வேண்டாம். மூக்கடைப்பு மருந்துகள் சிலவும் ரத்தக்குழாய்களைச் சுருக்கும் என்பதால் கடையில் நீங்களாக வாங்கித் தராதீர்கள். தொல்லை மிகுந்தால் நிஃபெடிபின் போன்ற மாத்திரையை மருத்துவர் எழுதித் தருவார்.

பள்ளியிலும் சொல்லிவையுங்கள். காலைப் பிரார்த்தனைக்கு அந்தப் பிள்ளை ஸ்வெட்டரோடு நிற்கவும், மரத்த விரலால் எழுத முடியாதபோது சற்று நேரம் எடுத்துக்கொள்ளவும் ஆசிரியர் இடம் தரவேண்டும்.