கடுவனும் மந்தியும்

குரங்குக் கூட்டத்தைக் காண்போர் அதனைத் தாங்கி நிற்பது கடுவனே எனக் கருதுவது இயல்பு. பருத்த உடலும் நீண்ட கோரைப்பற்களும் உடைய அதுவே முதலில் கண்ணிற் படுகிறது. ஆயினும், சிங்கப்பூரில் மிகுதியாகக் காணப்படும் நீண்டவால் குரங்கின் கூட்டத்தைத் தலைமுறைதோறும் கட்டிக் காப்பது மந்தியே.

தொல்காப்பிய மரபியல் மந்தி என்னும் பெயரைக் குரங்கு, முசு, ஊகம் ஆகிய மூன்றற்கும் உரியதாக்குகிறது. குரங்கினத்துள் வகை பல உண்டென்பதைத் தமிழர் அன்றே அறிந்திருந்தனர். அவ்வேறுபாடு உருவத்தோடு நிற்பதன்று. கூட்டம் அமையும் முறையிலும் உண்டு. சிங்கப்பூரில் இயற்கையாக வாழும் இரு குரங்கு வகைகளே இதற்குச் சான்று.

முதலாவது, புக்கிட் தீமாக் காட்டிலும் ஜூரோங்கின் மேற்குப் பகுதியிலும் காணப்படும் நீண்டவால் குரங்கு. இதன் கூட்டத்தில் கடுவன் சில, மந்தி பல, குட்டிகள் பல இருக்கும். கடுவன் பருவம் எய்தியதும் வேற்றுக் கூட்டம் நாடிச் செல்லும். மந்தியோ பிறந்த கூட்டத்திலேயே வாழ்ந்து முடியும். தாயின் தகுதியே மகளுக்கும் வாய்க்கும். உயர்ந்த மந்தியின் இளமகளுக்கு மூத்த மந்திகளும் வழிவிடும்.

இரண்டாவது, ராஃபிள்ஸ் பெயரால் வழங்கும் பட்டை முசு. இதன் கூட்டம் சிறியது. பெரும்பாலும் ஒரு கடுவனும் சில மந்திகளும் குட்டிகளுமே இருக்கும்.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்ன? உணவு உள்ள இடத்தை மந்திகள் நாடுகின்றன. மந்திகள் உள்ள இடத்தைக் கடுவன்கள் நாடுகின்றன என்பர் ஆராய்ச்சியாளர். கனி நிறைந்த மரத்தைப் பிறர் கொள்ளாமல் காக்க உறவு மந்திகள் ஒன்றுபடுகின்றன. மந்திகள் பலவாயின், ஏனைய கடுவன்களை விலக்கிவைப்பது ஒரு கடுவனுக்கு அரிது, சிலவாயின் எளிது. பகைக்கு அஞ்சிக் கூட்டம் பெருகும். உணவுப் போட்டியாற் சுருங்கும்.

எனவே, நிலம் மாறினால் கூட்டமும் மாறும். 1961இல் ஜூரோங் தொழிற்பேட்டைப் பணி தொடங்கியபின் அங்கிருந்த காடுகளும் சதுப்பு நிலங்களும் பெரிதும் மறைந்தன. ஒரு காலத்தில் தீவின் பல பகுதிகளில் வாழ்ந்த முசு, இன்று நடுக்காட்டில் மட்டுமே ஒடுங்கியுள்ளது. புக்கிட் தீமாவின் கடைசி முசு 1987இல் நாய்களாற் கடியுண்டு இறந்தது. இன்று தீவில் எஞ்சியவை மிகச் சிலவே. காடு துண்டுபட்டால், புதுத் துணை தேடும் முசுவுக்கு வழியில்லை. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருக நேரும். பழைய அப்பர் தாம்சன் சாலைக்கு மேலே கயிற்றுப் பாலங்கள் கட்டப்பட்டிருப்பது இதனாலேயே.

நீண்டவால் குரங்குக்கு நேரும் கேடு வேறு. சாலையோரத்தில் ஒரு மந்திக்கு ரொட்டி கொடுப்பவர் அதன் பசியை மட்டும் தீர்ப்பதில்லை. குட்டி தாயைப் பார்த்துக் கற்கும். மகளோ அக்கூட்டத்தை விட்டு நீங்காள். ஒரு மந்தி பழகிய தீய வழக்கம் இவ்வாறு பல தலைமுறைக்குத் தொடரும். காட்டு விலங்குகளுக்கு உணவளிப்பதைச் சிங்கப்பூர்ச் சட்டம் 2020 முதல் நாடெங்கும் தடுத்திருப்பதன் பொருள், மந்தியின் இடத்தை அறிந்தோர்க்கு நன்கு விளங்கும்.