பிரேக் பெடலின் மேல் ஒரு துண்டு ரப்பர்

பழைய கார் வைத்திருப்பவர்கள் என்ஜின் ஆயில் பார்ப்பார்கள், டயரில் காற்று பார்ப்பார்கள். பெடல் ரப்பரை மட்டும் யாரும் குனிஞ்சு பார்க்கறதில்லை. மாருதி 800-ஐ உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் வந்த வண்டி, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. அதில் கடைசியாக வந்ததுக்கே பத்து வயசு தாண்டியாச்சு. ரப்பருக்கும் அதே வயசுதான். மற்ற பழைய கார்களுக்கும் முறை ஏறக்குறைய இதுதான்.

இந்த ரப்பர் எதுக்கு? பெடல் ஒரு நெம்புகோல். பாதம் கொடுக்கிற விசையைப் பல மடங்காக்கி உள்ளே அனுப்புது. அந்த அழுத்தத்தை பிரேக் ஆயில் நாலு சக்கரத்துக்கும் கொண்டு போகுது. இந்த ஏற்பாடு மொத்தமும் பாதம் பெடல் மேலேயே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது. மழையில் நனைந்த செருப்போட, தேய்ந்து வழவழப்பான பெடலை அவசரத்தில் ஓங்கி மிதித்தால் கால் வழுக்கிடும். ரப்பர் மேலுள்ள வரிகள் தண்ணீர் ஒதுங்க இடம் கொடுக்குது. டயரின் பள்ளங்கள் செய்கிற அதே வேலை.

சரி, எப்படிச் சோதிப்பது? சமதரையில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போடுங்கள். சீட்டைப் பின்னால் தள்ளி, டார்ச் அடித்துப் பாருங்கள். வரிகள் மழுங்கியிருக்கா? ஓரம் கிழிஞ்சிருக்கா? காய்ந்து வெடிச்சிருக்கா? விரலால் பக்கவாட்டில் தள்ளினால் நகருதா? இதில் ஒன்று இருந்தாலும் மாற்றிடணும். இரும்பு வெளியே தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம். நகருக்குள்ளேயே ஓடும் வண்டியில் கிளட்ச் ரப்பர் சீக்கிரம் தேயும்.

பழைய கார் வாங்கும்போதும் இது உதவும். மீட்டர் 30,000 கிலோமீட்டர் காட்டுது, பெடல் ரப்பர் மொட்டையாக இருக்குன்னா, காரணம் கேளுங்கள். பழைய வண்டியில் ரப்பர் மட்டும் புத்தம் புதுசாக இருந்தாலும் கேளுங்கள்.

மாற்றுவது சுலபம். பழைய ரப்பரை உதிரிபாகக் கடைக்கே எடுத்துப் போய், அளவு ஒத்துப்போகுதான்னு பார்த்து வாங்குங்கள். பெரும்பாலும் ரப்பரின் விளிம்பு இரும்புத் தகட்டின் பின்பக்கம் மடிந்து பிடித்திருக்கும். ஒரு ஓரத்தை நெம்பினால் கழன்று வரும். தகட்டில் துரு, மண் இருந்தால் தேய்த்துத் துடையுங்கள். புது ரப்பரை வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டால் இளகிடும். ஒரு ஓரத்தை முதலில் மாட்டி, மற்ற பக்கங்களை மழுங்கலான ஸ்க்ரூ டிரைவரால் மெதுவாக இழுத்து விடுங்கள். கூர்மையான முனை விளிம்பைக் கிழிச்சிடும்.

இறுக்கமாக இருந்தால் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவலாம். ஆயிலும் கிரீஸும் வேண்டவே வேண்டாம். அவை காயாது, பெடல் வழுக்கும், ரப்பரும் ஊறிக் கெட்டுவிடும். இதே காரணத்துக்காக, வண்டி கழுவுகிற இடத்தில் டாஷ்போர்டு பாலிஷைப் பெடலிலும் அடிக்க விடாதீர்கள்.

கடைசியாக, சுற்றிலும் விளிம்பு முழுசாக மடிந்திருக்கான்னு விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் நன்றாகக் காயட்டும். பிறகு அழுத்தி மிதித்து, காலைத் திருகிப் பாருங்கள். ரப்பர் அசையக்கூடாது, பெடல் மிதியடியில் இடிக்கக்கூடாது. இவ்வளவும் சரியாக இருந்தால் வண்டியை வெளியே எடுக்கலாம்.