இரண்டு நாளங்கள், ஒரே வாய்

இரைப்பையைத் தாண்டியதும் சிறுகுடலின் முதல் பகுதி வளைந்து கீழே இறங்குகிறது. மருத்துவர்கள் அதை டியோடினம் என்கிறார்கள். அதன் உட்சுவரில் ஒரு சிறு மேடு. கல்லீரலிலிருந்து வரும் பித்தநாளமும் கணையத்திலிருந்து வரும் நாளமும், இரண்டு வாய்க்கால்கள் ஒரே மதகில் சேர்வதுபோல, பெரும்பாலானோருக்கு இந்த மேட்டில்தான் வந்து திறக்கின்றன. ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஆபிரகாம் வாட்டர் 1720-இல் விவரித்ததால், இந்தச் சங்கமம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அதைச் சுற்றி இறுகித் தளரும் வளையத் தசையைப் பற்றி 1887-இல் எழுதிய ருக்கெரோ ஒட்டி, அப்போது இத்தாலியில் மருத்துவ மாணவர்.

சிறுகுடலில் கட்டி வருவது அரிது. வந்தால், இந்த வாயிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வருவதே அதிகம். பித்தம் ஓயாமல் படுவது இதற்குக் காரணமாகலாம் என்று கருதுகிறார்கள். பெருங்குடலில் நூற்றுக்கணக்கான கட்டிகளை முளைக்கவைக்கும் ஒரு பரம்பரை நோய் உள்ளவர்களுக்கு இங்கும் அடிக்கடி கட்டி வரும். அடினோமா எனப்படும் இந்தக் கட்டி புற்றுநோய் அல்ல. ஆனால் காலப்போக்கில் புற்றாக மாறக்கூடியது. வளர்ந்து பித்த வழியை அடைத்தால் மஞ்சள் காமாலை வரும். வேறு எதற்கோ எண்டோஸ்கோப்பி செய்யும்போது தற்செயலாகக் கண்ணில் படுவதும் உண்டு.

1898-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் ஹால்ஸ்டெட் வயிற்றைத் திறந்து இந்த இடத்துக் கட்டி ஒன்றை அகற்றினார். 1935-இல் நியூயார்க்கின் ஆலன் விப்பிள், இங்கு வரும் புற்றுநோய்க்காகக் கணையத்தின் தலைப்பகுதியையும் டியோடினத்தையும் சேர்த்தே எடுக்கும் முறையை வெளியிட்டார். புற்றுக்கு அது பொருந்தும். புற்றாகாத ஒரு சிறு கட்டிக்கு அவ்வளவு பெரிய அறுவை தேவையா? 1974-இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் மருத்துவர்கள் வாய்வழிக் குழாய் மூலமே அந்த வளையத் தசையை வெட்டித் திறந்து காட்டினார்கள். 1980-களில் கட்டியையே அவ்வழியில் அகற்றத் தொடங்கினார்கள்.

வழக்கமான எண்டோஸ்கோப் நேரே முன்னால் பார்க்கும். இந்த மேடு பக்கச் சுவரில் இருப்பதால், பக்கவாட்டில் பார்க்கும் கேமரா கொண்ட குழாய் வேண்டும். கம்பிச் சுருக்கைக் கட்டியின் அடியில் மாட்டி, மின்சாரம் பாய்ச்சி, கூடியவரை ஒரே துண்டாக அறுக்கிறார்கள். பெருங்குடல் கட்டிகளுக்கு அடியில் திரவம் செலுத்தி மேலே உப்பவைத்து அறுப்பது வழக்கம். இங்கே அது பெரும்பாலும் உதவாது: நடுப்பகுதியை நாளங்கள் கீழே பிடித்திருப்பதால், சுற்றிலும் உப்பிக் கட்டி பள்ளத்தில் அமிழ்ந்துவிடும். அறுத்த துண்டைக் குடலின் அசைவு கீழே அடித்துச் செல்லும் முன் பிடித்துவிடவும் வேண்டும்.

ஆனால் அறுப்பது பாதி வேலைதான். சூடுபட்ட இடம் வீங்கிக் கணைய நாளத்தின் வாயை மூடினால், வெளியேற வழியில்லாத செரிமான நீர் கணையத்தையே தாக்கும். இந்தக் கணைய அழற்சி உயிருக்கும் ஆபத்தாகலாம். அதனால் அறுத்த கையோடு அந்த நாளத்துக்குள் மெல்லிய பிளாஸ்டிக் ஸ்டென்ட் ஒன்றைச் செருகுகிறார்கள். 2005-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் பங்கேற்றவர்கள் 19 பேர். ஸ்டென்ட் வைக்காத 9 பேரில் 3 பேருக்கு அழற்சி வந்தது. வைத்த 10 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. எண்ணிக்கை சிறிதுதான், ஆனாலும் அந்த மெல்லிய குழாய் இன்று இந்தச் சிகிச்சையின் அங்கமாகிவிட்டது.

அறுத்த துண்டு ஆய்வகத்துக்குப் போகிறது. முன்பு கிள்ளி எடுத்த பயாப்ஸியில் புற்று தெரியாமல் போயிருக்கலாம். முழுத் துண்டை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே உறுதியாகச் சொல்ல முடியும். ஆழமாகப் பரவிய புற்று இருந்தால், அடுத்தது விப்பிளின் அறுவைதான். இல்லையென்றாலும் எண்டோஸ்கோப்பி மூலம் அந்த இடத்தைப் பல ஆண்டுகள் கண்காணிக்கிறார்கள். மறுபடி துளிர்க்கும் கட்டி சிறிதாக இருக்கும்போதே அகப்பட்டால், வயிற்றைத் திறக்காமல் அதே வழியில் அகற்றிவிடலாம்.