படகு ஓடவில்லையா? விசிறியைப் பாருங்கள்

சிறு படகில் மீன்பிடிக்கச் செல்வோர், ஓட்டம் குறைந்தால் உடனே எஞ்சினைச் சந்தேகிப்பது வழக்கம். பிளக்கைக் கழற்றுவார்கள், கார்புரேட்டரைத் துடைப்பார்கள். ஆனால் கோளாறு பல வேளைகளில் தண்ணீருக்குள் சுழலும் விசிறியில், அதாவது புரொப்பெல்லரில் இருக்கும். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நம் கடலோரத்தில் ஃபைபர் படகுகளும், அவற்றின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின்களும் பெருகின. விசிறியின் கோளாறுகளை மீனவ அன்பர்கள் அறிந்திருந்தால் வீண் செலவு குறையும். நடுக்கடலில் தவிக்கவும் நேராது.

எச்சரிக்கை: எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றிய பிறகே விசிறியைத் தொட வேண்டும். கியரில் இருக்கும்போது விசிறியைக் கையால் சுற்றினால் எஞ்சின் திடீரெனக் கிளம்பி விரல்களை வெட்டிவிடக் கூடும்.

எஞ்சின் இரைகிறது, படகு நகரவில்லை

குறைந்த குதிரைத் திறனுள்ள எஞ்சின் பலவற்றில் விசிறியை ஷியர் பின் என்னும் சிறு ஊசி பிடித்திருக்கும். விசிறி பாறையில் மோதினால் இது ஒடிந்து, கியரைக் காப்பாற்றும். ஒடிந்த பின்னுக்குப் பதிலாக எஃகு ஆணியைச் செருகுதல் கூடாது. அடுத்த மோதலில் ஆணி ஒடியாது. கியர் பல் ஒடியும்.

சற்றுப் பெரிய எஞ்சின்களில் விசிறியின் நடுவே ரப்பர் புஷ் உண்டு. மெதுவாக ஓட்டினால் படகு செல்கிறது, வேகம் கொடுத்தால் எஞ்சின் மட்டும் இரைகிறது என்றால் புஷ் வழுக்குகிறது எனலாம். நடுக்குழலிலிருந்து வெளிக்கூடு வரை பெயின்டால் ஒரு கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் ஐயமில்லை. குறைந்த வேகத்திலேயே கரை திரும்பி, புஷ்ஷை மாற்ற வேண்டும்.

எஞ்சினை உயரத்தில் மாட்டினாலும் விசிறி காற்றை இழுத்து இப்படியே இரையும். விசிறிக்கு மேலுள்ள தட்டையான தகடு, படகின் அடிமட்டத்திற்குச் சமமாகவோ ஓர் அங்குலம் வரை கீழாகவோ இருக்கட்டும். கடல் புல் சுற்றியிருந்தாலும் இழுவை குறையும்.

படகு அதிர்கிறது

இறக்கை வளைந்திருக்கலாம், நுனி உடைந்திருக்கலாம். சிறு பிசிறுகளை அரத்தால் தேய்த்துவிடலாம். வளைந்த இறக்கையைச் சுத்தியலால் தட்டாமல் பட்டறையில் கொடுத்துச் சமன் செய்யுங்கள். விசிறி நேராக இருந்தும் அதிர்வு நிற்காவிட்டால் தண்டு வளைந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

வேகம் ஏறவில்லை

விசிறியில் பொறித்துள்ள இரண்டு அளவுகளில் முதலாவது விட்டம்; அடுத்தது பிட்ச். முழுச் சுமையுடன் செல்லும்போது எஞ்சின் உரிய சுழற்சியை எட்டாமல் திணறினால் பிட்ச் அதிகம் என்று பொருள். பிட்சில் ஓர் அங்குலம் குறைத்தால் நிமிடத்திற்கு ஏறக்குறைய 150 முதல் 200 சுற்றுகள் கூடும்.

நூலால் வரும் பெரும் நட்டம்

தங்கூசி நரம்போ வலை நூலோ விசிறிக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கொள்வது வெளியே தெரியாது. படகும் வழக்கம்போல ஓடும். ஆனால் அந்த நூல் ஆயில் சீலை அறுத்துவிடும். கடல்நீர் கியர் பெட்டிக்குள் புகுந்து, பேரிங்கும் கியரும் துருப்பிடித்துக் கெடும். எனவே வாரம் ஒரு முறை விசிறியைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. கியர் ஆயில் பால் போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். சீலையும் ஆயிலையும் மாற்றாமல் எஞ்சினை ஓட்ட வேண்டாம். மீண்டும் மாட்டும்போது தண்டில் கிரீஸ் தடவி, புதிய ஸ்பிளிட் பின் போடவும். வெட்டியெடுத்த நூலைக் கடலில் வீசாமல் கரைக்குக் கொண்டு வாருங்கள்.

படகில் இருக்க வேண்டியவை

மாற்று விசிறி, அந்த எஞ்சினுக்குரிய ஷியர் பின், ஸ்பிளிட் பின், ஸ்பானர், கத்தி, துடுப்பு, நங்கூரம் ஆகியவை எப்போதும் படகில் இருக்கட்டும். அலையில் விசிறியை மாற்றும் நிலை வந்தால் முதலில் நங்கூரம் போடுங்கள். பிறகு வேலையைத் தொடங்குங்கள்.