பேடை மாற்றினால் பாட்டும் மாறும்

ஜெர்மனியின் ஹைல்ப்ரான் நகரத்து நிறுவனமான பெயர்டைனமிக், 2016இல் 'டிடி 1990 ப்ரோ' என்ற ஹெட்போனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெட்டியைத் திறந்தால் ஹெட்போனில் மாட்டியிருக்கும் ஜோடி போக, இன்னொரு ஜோடி இயர் பேடும் இருக்கும். தேய்ந்தால் மாற்றிக்கொள்ள உதிரி கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். இரண்டுமே வெலூர் துணி, இரண்டுமே வட்டம். திருப்பிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். கப்போடு ஒட்டி உட்காரும் பின்பக்கத்தில், ஒரு ஜோடிக்குச் சுற்றிலும் நிறையத் துளைகள். மற்றதற்கு ஒரு சில துளைகள் மட்டுமே. துளை குறைந்த ஜோடிக்கு 'பேலன்ஸ்டு' என்று பெயர். துளை நிறைந்ததற்கு 'அனலிட்டிகல்'. முதலாவதை மாட்டினால் பேஸ் தூக்கலாகக் கேட்கும். இரண்டாவதை மாட்டினால் பேஸ் அடங்கி, மேல் ஸ்தாயிச் சத்தங்கள் முன்னால் வந்து நிற்கும். உள்ளே ஒலியை எழுப்பும் டிரைவரும் காந்தமும் வயரும் அதே பழையவைதான்.

இயர் பேட் என்றால் காது வலிக்காமலிருக்க வைத்த மெத்தை என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அந்த வேலையும் உண்டு. ஆனால் ஆயிரக்கணக்கான ரூபாய் கொடுத்து வாங்கும் ஹெட்போன்களில், டிரைவருக்கு அடுத்தபடியாக ஒலியைத் தீர்மானிக்கும் உறுப்பு அதுதான் என்று தாராளமாகச் சொல்லலாம். வயரை மாற்றினால் ஒலி மாறுமா என்று ஆடியோ ரசிகர்கள் ஓயாமல் சண்டை போடுவார்கள். பேட் விஷயத்தில் அந்தச் சண்டைக்கே இடமில்லை. கருவியை வைத்து அளந்தால் வித்தியாசம் வரைபடத்திலேயே தெரிந்துவிடும்.

காரணம் எளிது. ஸ்பீக்கர் ஓர் அறைக்குள் பாடுகிறது. அறை சரியில்லை என்றால் நல்ல ஸ்பீக்கரும் கெட்டுப்போகும். ஹெட்போனுக்கு அறை எது? டிரைவருக்கும் காதுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளிதான். ஒரு பக்கம் டிரைவர், எதிர்ப்பக்கம் நம் கன்னமும் காதுமடலும், சுற்றுச்சுவர் முழுக்க இயர் பேட். சுவரின் உயரத்தையோ அகலத்தையோ பொருளையோ மாற்றினால் அறையே வேறாகிவிடுகிறது. கடம் வாசிக்கிறவர் பானையின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் நாதத்தை மாற்றுவதைக் கச்சேரிகளில் பார்த்திருப்போம். பேடும் கன்னமும் சேர்ந்து செய்வது ஏறக்குறைய அதே காரியம்.

முதலில் பேஸைப் பார்க்கலாம். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். இவ்வளவு நீளமான அலைக்கு, சில சென்டிமீட்டர் அகலமே உள்ள கப்புக்குள் ஓடியாட இடம் கிடையாது. உள்ளே இருக்கும் காற்று மொத்தமாக அழுந்துகிறது, மொத்தமாகத் தளர்கிறது. அந்த அழுத்த மாற்றத்தைத்தான் செவிப்பறை பேஸாக உணர்கிறது. அழுத்தம் நிற்க வேண்டுமானால் எங்கும் ஓட்டை இருக்கக் கூடாது. பேடுக்கும் தோலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழுந்தாலும் முதலில் அடிபடுவது ஆழமான பேஸ்தான். மூக்குக்கண்ணாடியின் காம்பு, காதுக்கு முன்னால் இறங்கும் முடிக்கற்றை, பெரிய தோடு எல்லாமே இந்தக் கசிவுக்கு வழிசெய்பவை. தவிலும் மிருதங்கத்தின் தொப்பியும் ஒருவருக்குக் கும்மென்று கேட்க, அதே ஹெட்போனில் கண்ணாடி போட்ட நண்பருக்குச் சப்பென்று கேட்டால் ரசனையைக் குறை சொல்ல வேண்டாம். காம்பு போகிற வழியில் காற்று கசிகிறது, அவ்வளவுதான்.

தோல் பேடுகளும் செயற்கைத் தோல் பேடுகளும் காற்றை விடுவதில்லை. அதனால் பேஸ் நிற்கிறது. வெலூர், நெய்த துணி போன்றவற்றின் இழைகளுக்கு ஊடே காற்று கசியும். பேஸ் கொஞ்சம் இறங்கும். பெயர்டைனமிக்கின் 'டிடி 1770 ப்ரோ'வுக்கும் பெட்டியிலேயே இரண்டு ஜோடி கொடுத்தார்கள், ஒன்று வெலூர், ஒன்று செயற்கைத் தோல். அது க்ளோஸ்டு பேக் வகை, அதாவது கப்பின் முதுகு மூடியது. அதில் தோல் பேடுக்கு மாறும்போது அடியில் வந்து சேரும் கனத்தை எவரும் உணரலாம்.

டிரெபிள் எனப்படும் மேல் ஸ்தாயியின் கதை வேறு. 10,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் வெறும் 3.4 சென்டிமீட்டர். கப்பின் உள்ளளவும் அதே மாதிரிதான். ஆகவே இந்த அலைகள் சுவரில் முட்டித் திரும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து சில இடங்களில் பெருத்தும் சில இடங்களில் அழிந்தும் போகின்றன. பேடின் உயரத்தில் நாலைந்து மில்லிமீட்டர் கூடினாலோ, முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் தடித்த சாய்வுப் பேடாக மாற்றினாலோ, அந்த மேடுகளும் பள்ளங்களும் இடம் மாறிவிடும். பாடகியின் 'ஸ', 'ஷ' ஒலிகள் ஒரு பேடில் ஊசியாகக் குத்தி, இன்னொன்றில் இதமாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். வழவழப்பான தோல் இந்த அலைகளைத் திருப்பி அனுப்புகிறது. வெலூரும் உள்ளிருக்கும் ஃபோமும் உறிஞ்சிக்கொள்கின்றன.

இந்த இரண்டுக்கும் சமரசமாக வந்தவைதான் கலப்புப் பேடுகள். முகத்தில் படுகிற பக்கம் துணி, வெளிச்சுவர் தோல், உட்சுவரில் ஊசித்துளைகள். துளை வழியாக ஒலி உள்ளே போய் ஃபோமில் அடங்கும்; வெளிச்சுவர் காற்றை நிறுத்தும். சீன நிறுவனமான ஹைஃபைமேன் இந்த வகையைத் தன் ஹெட்போன்கள் பலவற்றில் போடுகிறது. பிரான்சின் ஃபோக்கலும் துளையிட்ட பேடுகளைத்தான் விரும்புகிறது. சிகாகோ பக்கத்தில் மர ஹெட்போன் செய்யும் இசட்எம்எஃப் இன்னும் ஒரு படி மேலே போய், ஆட்டுத்தோல், ஸ்வேட், துளையிட்டது, துளையில்லாதது என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. ஃபாஸ்டெக்ஸின் விலை மலிவான 'டி50ஆர்பி' ஹெட்போனைப் பிரித்து, கப்பையும் பேடையும் மாற்றி விற்பதில் தொடங்கிய நிறுவனம் அது. பேட் மேல் அவ்வளவு அக்கறை வந்ததில் வியப்பில்லை.

பேட் மாற்றும் பழக்கத்தின் சுவையான அத்தியாயம் நியூயார்க்கின் ப்ரூக்ளினில் இருக்கிறது. அங்கே 1953இல் ஜோசப் கிராடோ தொடங்கிய கிராடோ நிறுவனத்தின் ஹெட்போன்களில் தோலும் இல்லை, வெலூரும் இல்லை. வெறும் ஃபோம். வகைகள் மூன்று நான்கு உண்டு. தட்டையாக இருக்கும் சின்னப் பேடில் காது டிரைவருக்கு வெகு அருகில் இருக்கும். பேஸ் கூடும், டிரெபிள் மழுங்கும். நடுவில் கிண்ணம்போல் குழிந்தது அடுத்தது. அது காதைச் சற்றுத் தள்ளி வைப்பதால் ஒலி பளிச்சென்று விரியும். விலை உயர்ந்த மாடல்களில் இன்னும் பெரிய கிண்ணம் வரும். காதைச் சுற்றி உட்காரும் அந்தப் பெரிய பேடை, கேட்பவர்கள் 'சாலட் கிண்ணம்' என்றே செல்லமாகக் கூப்பிடுகிறார்கள்.

இதெல்லாம் நிறுவனம் கொடுத்தது. ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? ஜெர்மனியின் சென்ஹைசர் 1968இல் 'எச்டி 414' என்ற ஹெட்போனை வெளியிட்டிருந்தது. உலகின் முதல் ஓப்பன் பேக் (கப்பின் முதுகு திறந்த) ஹெட்போன் என்று பெயர் பெற்றது அது. அதன் அடையாளமே மஞ்சள் ஃபோம் பேட். அந்தப் பேட் கிராடோவிலும் கச்சிதமாக உட்காருகிறது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். அப்படியே மாட்டினால் டிரைவருக்கு முன்னால் ஃபோம் மறைத்துக்கொண்டு சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதாகத் தோன்றும். அதற்கும் ஒரு வழி கண்டார்கள். கால் டாலர் நாணயத்தைப் பேடின் நடுவில் வைத்துச் சுற்றிலும் பேனாவால் கோடு போட்டு, கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்த நாணயத்தின் விட்டம் 24.26 மில்லிமீட்டர். துளை வழியாக டிரெபிள் நேராகக் காதுக்கு வருகிறது. சுற்றியிருக்கும் ஃபோம் கூர்மையைத் தணிக்கிறது. அமெரிக்க ஹெட்போன், ஜெர்மன் பேட், அளவுக்கு ஒரு சில்லறைக் காசு. நாணயத்தின் பெயராலேயே இன்றும் அந்த மாற்றத்தை அழைக்கிறார்கள்.

ஜப்பானின் ஸ்டாக்ஸ் இன்னொரு கோடி. 1960இல் மின்நிலை ஹெட்போனை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த நிறுவனம். மயிரிழையைவிடப் பன்மடங்கு மெல்லிய ஒரு படலம்தான் அதில் அதிர்கிறது. பேட் தோலில் இறுகப் பொருந்தியிருக்கும்போது கப்பை லேசாக அழுத்தினால் உள்ளே சிக்கிய காற்று அந்தப் படலத்தைத் தள்ளிவிட, புர்ரென்று ஒரு சத்தம் வரும். பல லட்ச ரூபாய்ப் பொருளிலிருந்து இப்படியொரு சத்தமா என்று புதிதாக வாங்கியவர்கள் பதறுவார்கள். ஸ்டாக்ஸ் பிரியர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. ஆனால் அந்தச் சத்தம் வந்தால் பேட் நன்றாகப் பொருந்தியிருக்கிறது என்று பொருள்.

சரி, பேட் மாற்றினால் கேட்கும் வித்தியாசம் முழுக்க உண்மையா, மனப்பிரமையும் கலந்ததா? இங்கேதான் கவனம் வேண்டும். பெயர்டைனமிக் பேடை மாற்ற, அதன் பின்விளிம்பிலிருக்கும் மெல்லிய துணி உதட்டைக் கப்பின் பள்ளத்துக்குள் ஓரிடத்தில் செருகி, சுற்றிலும் இழுத்துக்கொண்டே வர வேண்டும். பாதி வந்ததும் முதலில் செருகிய இடம் வெளியே வந்துவிடும். ஆடிஸியின் எல்சிடி வரிசையில் பேட் பசையால் ஒட்டியிருக்கும். மெதுவாக உரித்தெடுத்து, பிசினைத் துடைத்து, புதியதை ஒட்ட வேண்டும். இதெல்லாம் முடிவதற்குள் முன்பு கேட்ட ஒலி நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. ருமேனியாவின் பாயா மாரே நகரத்து மெஸே நிறுவனம் 2018இல் கொண்டுவந்த 'எம்பிரியன்' இதில் விதிவிலக்கு. டிரைவரின் காந்தமே பேடையும் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. பெட்டியில் தோல் ஒரு ஜோடி, அல்கான்டாரா துணி ஒரு ஜோடி. கையை வைத்து எடுத்தால் வந்துவிடும். சில நொடிகளில் அடுத்ததை வைத்துவிடலாம்.

அப்போதும் ஒரு சிக்கல் தீராது. கண்ணைக் கட்டிக்கொண்டு சோதித்தாலும், குளிர்ந்த தோலா மெத்தென்ற துணியா என்று கன்னம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் கருவி தேவைப்படுகிறது. 1972இல் அமெரிக்காவில் உருவான 'கெமார்' என்ற பொம்மைத் தலையும் அதன் வழிவந்தவையும் ரப்பர் காதுமடலுக்குள் மைக் வைத்து இதை அளக்கின்றன. ஒரே ஹெட்போனைக் கழற்றித் திரும்ப மாட்டினாலே டிரெபிள் வளைவு கொஞ்சம் மாறும் என்பதால், பலமுறை மாட்டி அளந்து சராசரி எடுப்பதுதான் ஒழுங்கான முறை. ஒரே ஒரு வரைபடத்தைக் காட்டி 'எங்கள் பேட் டிரெபிளைத் தேன் ஆக்கும்' என்று விற்பவர்களை அந்த அளவுக்கே நம்பலாம்.

பேட் மாற்றினால் எல்லா ஹெட்போனும் மேம்படும் என்பதும் வியாபாரப் பேச்சுதான். பொறியாளர்கள் குறிப்பிட்ட ஒரு பேடை மாட்டி வைத்துத்தான் ஒலியைச் சீராக்கியிருக்கிறார்கள். வேறு பேட் போட்டால் அவர்கள் செதுக்கிய சமநிலை கலையும். நல்லதாகவும் ஆகலாம், கெட்டும் போகலாம். பேஸ் கொஞ்சம் கூட வேண்டும், டிரெபிள் கொஞ்சம் இறங்க வேண்டும் என்பது மட்டுமே தேவையென்றால் போனிலோ கணினியிலோ உள்ள ஈக்வலைசர் செலவில்லாமல் அதைச் செய்துவிடும். காது வியர்க்கிறது, மடல் டிரைவரில் இடிக்கிறது, கண்ணாடி அழுத்துகிறது என்றால்தான் வேறு வகைப் பேடுக்குக் கை நீள வேண்டும்.

பழைய பேடைப் புதுப்பிப்பது வேறு விஷயம். அதை ஒத்திப்போடக் கூடாது. ஃபோம் அமுங்க அமுங்கக் காது டிரைவரை நெருங்கும். உள்ளறை சுருங்கும். ஒலி மெல்ல மெல்ல மாறுவதால் பழகிய காதுக்கு உறைக்காது. நம் ஊரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கிறது. செயற்கைத் தோலில் உள்ள பாலியூரிதேன் ஈரப்பதத்தில் சிதையும் குணமுடையது. சென்னை, தூத்துக்குடி, கொழும்பு போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில், வியர்வையும் தலை எண்ணெயும் சேர்ந்து கறுப்புச் செதில்களாக உரிந்து காதெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அந்த நிலைக்கு வருமுன்பே பேஸ் கசியத் தொடங்கியிருக்கும்.

சோதிப்பது சுலபம். 40 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டு, இரண்டு கப்பையும் உள்ளங்கையால் லேசாக அழுத்திப் பாருங்கள். க்ளோஸ்டு பேக் ஹெட்போனில் சத்தம் சட்டென்று ஏறினால் பேட் ஒழுங்காகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். இரைச்சலைத் தானே அடக்கும் நாய்ஸ் கேன்சலிங் வகை என்றால் நிறுவனத்தின் அசல் பேடையே வாங்குங்கள். கப்புக்குள் இருக்கும் மைக் அந்த அறையின் அளவை நம்பித்தான் வேலை செய்கிறது. மற்றவற்றில் எந்தப் பேடை வாங்கினாலும் கழற்றிய பழைய ஜோடியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். புதியது பிடிக்காமல் போனால் ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கும்.