‘அதி கனமழை’ன்னா எவ்வளவு? ஃபெஞ்சல் ராத்திரியும் ஒரு வார்த்தையும்

தட்டாஞ்சாவடியிலிருந்து பேசறோம். இந்த வாரம் 2024 நவம்பர் 30 ராத்திரி பத்திப் பேசலாம். ஆமா, ஃபெஞ்சல் புயல். வானிலை மையம் சொன்னது பலிச்சதா இல்லையான்னு டீக்கடை வரைக்கும் அலசியாச்சு, அதை விட்டுடுவோம். அவங்க சொல்றதைக் கையில வாங்கி, ‘மக்களை மாத்தணுமா வேண்டாமா’ன்னு முடிவெடுக்கிறவருக்கு அந்தத் தகவல் எவ்வளவு தூரம் உதவுது? என் கேள்வி அதுதான்.

முடிவெடுக்கிறவர்னா முக்கியமா மாவட்ட ஆட்சியர். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் எச்சரிக்கை தரும், அதோட சரி. படகு கடலுக்குப் போகக் கூடாது, பள்ளிக்கு லீவு, முகாம் திறக்கணும், கரண்ட்டை நிறுத்தணும்... இதெல்லாம் நிர்வாகத்தோட வேலை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கெடு இருக்கு. ஆழ்கடலுக்குப் போன படகு திரும்ப நாள்கணக்காகும். லீவை முந்தின நாளே சொன்னா நல்லது. தாழ்வான இடத்து ஆளுங்களை மாத்தணும்னா வெளிச்சம் இருக்கும்போதே செய்யணும். புயல் எச்சரிக்கையை 72 மணி நேரம், 48 மணி நேரம், 24 மணி நேரம் முன்னாடின்னு படிப்படியா தர்றது இதுக்காகத்தான்.

ஃபெஞ்சல் இந்தப் படிகளுக்கு அடங்கலை. நவம்பர் 28 மாலை, கரையைத் தொடும்போது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமா இருக்கும்னாங்க. மறுநாள், புயலாவே கரையைக் கடக்கும்னு மாத்தினாங்க. கடக்கும் நேரமும் தள்ளிக்கிட்டே போச்சு. கடைசியில 30-ஆம் தேதி ராத்திரி பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவுல புதுச்சேரி பக்கத்துல கரையேறிச்சு. காற்று மணிக்கு 70, 80 கி.மீ. 2011-ல தானே புயல் அடிச்ச அடியைப் பார்த்த ஊருக்கு இது பெரிய காற்று இல்லை. ‘கடந்துடுச்சு’ன்னு செய்தி வந்ததும் நிறைய பேர் நிம்மதியா படுத்தாங்க.

ஆனா கரையேறின புயல் நகரலை. புயல் தானா நடக்காது. சுத்தியிருக்கிற மேல்காற்றுதான் அதைத் தள்ளும். தள்ளுற காற்று பலவீனமானா நின்ன இடத்துலயே நிக்கும். நம்ம பக்கத்துலயே மணிக்கணக்கா நின்னு, ஒரே இடத்துல கொட்டிச்சு. டிசம்பர் 1 காலை எட்டரை வரைக்குமான 24 மணி நேரத்துல புதுச்சேரியில ஏறத்தாழ 48 செ.மீ. அதுக்கு முன்னாடி ஒரே நாள்ல பதிவான அதிகபட்சம் 21 செ.மீ., 2004 அக்டோபர் 31-ல. கிருஷ்ணா நகர்ல சில இடங்கள்ல கிட்டத்தட்ட 5 அடி தண்ணீர். இராணுவம் வந்து மீட்டது.

ரெட் அலர்ட் இல்லாம இல்லை. ‘அதி கனமழை’ன்னு எச்சரிக்கை வந்தது. ஆனா அந்த வார்த்தைக்கு அளவு என்னன்னு பாருங்க. 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதுக்கு மேல எவ்வளவு பெஞ்சாலும் அதி கனமழை. தரை இருக்கு, கூரை இல்லை. 2004-ஓட 21-ம், 2024-ஓட 48-ம் ஒரே வார்த்தை, ஒரே சிவப்பு. ரெண்டுக்கும் வேண்டிய ஏற்பாடு ஒண்ணா? 21-க்கு பம்ப் செட்டும் ஆளும் போதும்னு வெச்சுக்கலாம். 48-க்கு ராத்திரிக்கு முன்னாடியே வீட்டைக் காலி பண்ணணும், படகு தயாரா நிக்கணும்.

‘48 வரும்’னு முந்தின நாளே சொல்லியிருக்க முடியுமா? முடியாதுங்க. புயல் எவ்வளவு நேரம் நிக்கும்னு அடிச்சுச் சொல்ற நிலையில இந்த அறிவியல் இன்னும் இல்லை. ஆனா ‘இது நின்னுட்டா கணக்கு தலைகீழாயிடும்’னு சொல்ல முடியும். ‘நடக்க வாய்ப்பு அதிகம் இது, மோசமாப் போனா அது’ன்னு ரெண்டையும் வெச்சா, ஆட்சியர் ரெண்டாவதுக்கும் கொஞ்சம் ஆளை ஒதுக்கலாம். பொதுமக்களுக்கான அறிக்கையில இதைப் போட்டா பீதின்னு பயப்படுவாங்க, சரி. அதிகாரிகிட்ட போன்லயாவது சொல்லலாமே.

அமெரிக்காவுல 2011 மே மாசம் ஜாப்ளின் ஊரை ஒரு டொர்னாடோ அடிச்சு 150-க்கு மேல் இறந்தாங்க. சைரன் ஒலிச்சது. ஆனா அடிக்கடி கேட்ட சைரன்ங்கறதால, இன்னொரு அறிகுறி வரட்டும்னு பலர் காத்திருந்தாங்கன்னு ஆய்வுல தெரிஞ்சது. அடுத்த வருஷமே அந்த நாட்டு வானிலை சேவை சில மாநிலங்கள்ல எச்சரிக்கைக்கு உள்ளேயே ‘பேரழிவு’ன்னு தனிப் படி வெச்சுப் பார்த்தது. பெரிய ஆபத்துன்னா வானிலை நிபுணரே அவசரகால மையத்துல போய் உட்கார்ற வழக்கமும் அங்க உண்டு. ‘எத்தனை மணிக்குள்ள பாலத்தை மூடணும்?’னு அதிகாரி கேட்டா, பக்கத்துலயே பதில் கிடைக்கும்.

இங்கேயும் ‘எந்த இடத்துல என்ன பாதிப்பு வரும்’னு சொல்ற அறிக்கைகளை இந்திய வானிலைத் துறை தர ஆரம்பிச்சிருக்கு. அடுத்த 3 மணி நேரத்துக்கான மாவட்டவாரி எச்சரிக்கையும் வருது. ராத்திரி முழிச்சிருந்தா முதல்ல அதைப் பாருங்க. கலர் மாறலைன்னாலும் புயல் நகருதா, நிக்குதான்னு கவனிங்க. தண்ணி ஏறினா மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

டிசம்பர் 2 விடிகாலை சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிட்டாங்களே, அந்த முடிவுக்குப் பின்னாடி இருந்த மழைக் கணிப்பு தனிக் கதை. அது அடுத்த எபிசோடுக்கு.